இரவல் நட்சத்திரம்

1978 ஜனவரி 17, செவ்வாய்

பெட்டியை மூடும்போது கோயிலுக்குள் இருந்தவர்கள்: தலைமாட்டில் என் வீட்டுக்காரர் தேவஇரக்கம். வலப்பக்கம் அவர் தம்பி சுவிசேஷமுத்து, சபைக் கமிட்டியின் செயலாளர். கால்மாட்டில் போதகர் சத்தியவாசகம் ஐயர். கதவருகில் கோயில்பிள்ளை மாசிலாமணி. மணி அடிப்பதும் கோயில் சாவி வைத்திருப்பதும் அவர்தான். மூடியைப் பிடித்துக்கொண்டு ராமலிங்க ஆசாரி. நான். ஆக ஆறு பேர். பெட்டிக்குள் இருந்த மாமாவை, என் வீட்டுக்காரரின் அப்பாவை, சேர்க்கவில்லை.

மாமாவோடு போனவை: வெள்ளை அங்கி ஒன்று, கைக்குட்டை ஒன்று, கையில் வைத்த சிறு மரச்சிலுவை ஒன்று. மூக்குக்கண்ணாடி போகவில்லை, மேஜையில் இருக்கிறது. முகத்துணியை மார்பு வரை இழுத்துச் சரிசெய்தது நான். என் பாட்டுப் புத்தகம் உறையோடு கையில் இருந்தது.

மாமா ஞானாபரணம் ஐயருக்கு வயது எண்பத்து நான்கு. முப்பத்தெட்டு வருஷம் போதகர் வேலை. கடைசிப் பதினோரு வருஷம் எங்கள் வீட்டு உள்ளறைக் கட்டிலில். மாசிலாமணி பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை துக்கமணி அடித்தார். கை மாற்ற ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது, இருபத்தாறு. அவர்களுடைய தூக்கு இரண்டு நம்மிடம் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஜனவரி 18, புதன்

தூக்குகளைக் கழுவிக் கொடுத்தேன். நம் வீட்டிலிருந்து வெறும் பாத்திரம் திரும்பிப் போய்ப் பழக்கமில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பேன். துக்கவீடு என்பதால் இந்தத் தரம் ஒன்றும் போடவில்லை. கை என்னமோ போல இருந்தது.

ஜனவரி 20, வெள்ளி

காலையில் தம்பி வந்தார். உட்காரவில்லை.

"அண்ணி, சிலுவைய எடுத்துக் குடுங்க. கண்ணாடிப் பொட்டி செய்யச் சொல்லியாச்சு. சபை நூற்றாண்டு மண்டபத்துல நுழைஞ்சதும் கண்ணுல படணும்."

"எந்தச் சிலுவை?" என்றேன். எதுவென்று எனக்குத் தெரியும். ஏன் அப்படிக் கேட்டேனோ.

"நல்லா கேட்டீங்க. சுவீடன் ராஜா குடுத்த சிலுவை. வேற எது?"

மாமாவும் சுவீடன் மிஷனும் சேர்ந்து நடத்திய பார்வையற்றோர் பள்ளிக்காக, 1961இல் அந்த நாட்டு ராஜா பெயரால் வந்தது அது. வடமீன் வரிசை என்று மாமா தமிழில் சொல்லுவார்; துருவ நட்சத்திரத்தின் பெயரில் ஒரு கௌரவப் பட்டம். வருஷத்தில் ஒரே ஒரு நாள், சபை நாளன்று அணிவார். கடைசித் தரம் என்று செவ்வாய்க்கிழமை அங்கியில் குத்தி வைத்திருந்தோம்.

இவர் சொன்னார்: "அப்பா நெஞ்சுலதானே இருந்துச்சு. நீ கழட்டிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க கழட்டிட்டீங்கன்னு நான் நெனச்சேன் அண்ணே."

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் பார்த்தேன். நல்ல பார்வை இல்லை.

பூமிக்குள் போய்விட்டதோ என்று ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் தெளிவாகச் சொன்னார்: "மேடு இருந்தா மூடி உக்காராது தம்பி. அதனால துணி மேல கைய வச்சுத் தடவிப் பாத்துட்டுத்தான் ஆணி அடிச்சேன். நெஞ்சுல ஒண்ணும் இல்ல."

தம்பி கேட்டார். "அன்னைக்கு மத்தியானம் அப்பாகூட ரெண்டு மணி நேரம் தனியா இருந்தது யாரு? மாசிலாமணி."

என்னை யாரும் கேட்கவில்லை. ஆசாரிக்கும் சேர்த்து நாலு பேருக்கு உப்புமா கிண்டினேன். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தை உறையிலிருந்து எடுக்காமலே பாடினேன். பாட்டெல்லாம் மனப்பாடம்தானே.

ஜனவரி 24, செவ்வாய்

வெயில் நன்றாக அடித்தது. மாமாவின் தலையணை இரண்டையும் உலர்த்தினேன்.

பின்னால் ஒரு காலத்தில் யாராவது கேட்டால் பதில் இருக்கட்டும் என்று சிலுவையின் அமைப்பை எழுதி வைக்கிறேன். நான்கு கை. ஒவ்வொரு கையும் நுனியில் இரண்டாகப் பிளந்து, மொத்தம் எட்டு முனை. வெள்ளைப் பூச்சு, பீங்கான் தட்டுப் போல வழவழப்பு. கைகளுக்கு நடுவே பொன் நிறத்தில் சின்னச் சின்னக் கிரீடங்கள். தலைப்பில் பெரிய கிரீடம் ஒன்று; அதன் வளையத்தில்தான் நாடா கோர்க்கிறது. நட்டநடுவில் நீல வட்டம், அதற்குள் ஐந்து முனை வெள்ளை நட்சத்திரம். அதைச் சுற்றி லத்தீனில் இரண்டு சொல். அஸ்தமனம் அறியாதது என்று மாமா அர்த்தம் சொல்லியிருக்கிறார். வடமீன் மறைவதே இல்லையாம். நாடா கறுப்பு.

கீழ்க் கையின் ஓரத்தில் கடுகளவு பூச்சு உதிர்ந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் தெரிகிறது. உள்ளங்கையில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, எண்ணிக்கொண்டே இருந்தால் நாற்பதுக்குள் கைச்சூடு ஏறிவிடுகிறது.

ஜனவரி 27, வெள்ளி

புழுங்கலரிசி ஊறப்போட்டேன். மாசிலாமணியைத் தெருவில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாம்மா" என்றார், எப்போதும் போல. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

ஜனவரி 29, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கோயில் சாவி மாசிலாமணியிடமிருந்து வாங்கப்பட்டது. மினிட் புத்தகத்தில் 'திருட்டு' என்றே எழுதியிருக்கிறதாம். எழுதியவர் செயலாளர், அதாவது தம்பி. போலீசுக்குப் போகவேண்டாம், பொருளைக் கொடுத்தால் போதும் என்று சத்தியவாசகம் ஐயர் தடுத்திருக்கிறார். தரும்வரை மாசிலாமணி கோயில் வளாகத்துக்குள் வேலைக்கு வரக்கூடாது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் இடுப்பில் தொங்கிய சாவி. இவர் வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. சாவிய வேட்டியில தொடச்சு மேஜை மேல வச்சாரு."

 

பிப்ரவரி 1, புதன்

இந்தப் புத்தகத்திலாவது உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். சிலுவை என்னிடம் இருக்கிறது. துணியைச் சரிசெய்யும்போது நான்தான் கழற்றிப் பாட்டுப் புத்தகத்தின் உறைக்குள் வைத்தேன். இப்போது துணிப் பெட்டியில், மாமாவின் பழைய சால்வைக்குள்.

திருடவில்லை. நவம்பரில் மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாக்கியம், இது இரவல். வாங்குனவன் செத்துட்டா ராஜாவோட காரியாலயத்துக்குத் திரும்பிப் போயிடணும். அதான் சட்டம். பசங்ககிட்ட சொல்லாத, ஆளுக்கொரு பக்கம் இழுப்பானுங்க. நீ அனுப்பிடு." அனுப்புகிறேன் மாமா என்றேன்.

அனுப்பியிருக்கவேண்டும். சிலுவையோடு வந்த சுவீடிஷ் பாஷைப் புத்தகத்தில் சட்டம் எப்படி இருக்கிறதென்று வாசித்துவிட்டு அனுப்பலாம் என்று இருந்தேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஒரு ராஜாவுக்கு எழுதலாமா?

பின்னூசி உறுதியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு தரம் என் சேலையில் குத்திப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 3, வெள்ளி

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். சுவீடிஷ் எழுத்து பழகியது மாமாவின் கட்டிலருகேதான்: அவர்கள் வேதபுத்தகத்தையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வசனத்தை இரண்டிலும் பார்த்துச் சொல் சொல்லாகப் பொறுக்குவது. இயேசு பிறந்தபோது சாஸ்திரிகள் வந்த அதிகாரத்தில் நட்சத்திரம் என்ற சொல் கிடைத்தது. செத்து எழுந்த லாசருவின் அதிகாரத்தில் மரித்தவன் கிடைத்தான். ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லை.

அப்படிப் பொறுக்கியதில் இதுவரை தெரிந்தது: 1748இல் ஃபிரெட்ரிக் என்ற ராஜா ஒரே நாளில் மூன்று வரிசைகளை ஏற்படுத்தினார். வாள் வரிசை போர்வீரர்களுக்கு. வடமீன் வரிசை படிப்புக்கும், நாட்டு வேலைக்கும், ஜனங்களுக்குப் பிரயோஜனமான காரியங்களுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே சேராபீன் வரிசை. அந்த மேல் வரிசைக்காரர் அடக்கம் பண்ணப்படும் நாளில் ஸ்டாக்ஹோமில் ஒரு கோயிலில் நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மணி அடிப்பார்களாம். வடமீனுக்கு அது கிடையாது.

இன்னொன்று. மற்றவர்களுக்கு அதில் வீரர் என்று பட்டம், ஆங்கிலத்தில் நைட். போதகர்களை மட்டும் அப்படிச் சொல்வதில்லை, அங்கத்தினர் என்றே சொல்கிறார்கள். மாமாவின் பத்திரத்திலும் அதுதான் இருக்கிறது. தம்பி கல்லறைக்கல்லுக்கு 'சுவீடன் நாட்டு நைட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெண்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

பதினேழாம் பக்கத்தில் சட்டம் இருக்கிறது. மாமா பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். மரித்தபின் திருப்பி அனுப்பப்படவேண்டும். வாசித்தாகிவிட்டது. இனி சாக்கு இல்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

மணி அடிக்க இப்போது தம்பியின் பஸ் கம்பெனியிலிருந்து ஒரு கண்டக்டர் வருகிறார். இரண்டு அடி, நிறுத்தம். இரண்டு அடி, நிறுத்தம். "ரைட் போலாம்" என்பது போல இருக்கிறது என்று பின் பெஞ்சில் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 6, திங்கள்

மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். குளத்தங்கரை ஓரம், ஓட்டு வீடு. நார்க்கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மணியிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டாக்ஹோமில் ஒரு மணி நேரம் அடிக்கிற கதையைச் சொன்னேன்.

"அடடே! அப்ப ஐயருக்கும் அந்த மரியாதை உண்டாம்மா?"

"இல்ல மாசிலாமணி. அது மேல் வரிசைக்கு மட்டும்தான்."

"போச்சுடா. தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது. அது கணக்குல வராதா?" என்று சிரித்தார்.

நான் அழுதுவிட்டேன். சிலுவை என்னிடம்தான் இருக்கிறது என்றேன்.

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. "தெரியும்மா" என்றார். "கதவுகிட்டதானே நின்னேன். நீங்க துணிய இழுத்தப்ப கழட்டுனத பாத்தேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? சாவிய வாங்குறப்பக்கூடவா?"

"பதினோரு வருஷம் ஐயருக்குப் பீ மூத்திரம் அள்ளுன கை. அந்தக் கை எடுத்தா அதுல ஒரு காரணம் இருக்கும். ஐயர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். இல்ல, உங்களுக்கே வேணும்னு தோணியிருந்தாலும், அதுவும் ஒரு காரணம்தானேம்மா."

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சாவிதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றார் பிறகு. "இடுப்புல கனம் இல்லாம நடக்க வரமாட்டேங்குது. பொண்ணக் குடுத்த வீட்டுலயும் கேள்விப்பட்டுட்டாங்க."

பிப்ரவரி 8, சாம்பல் புதன்

காலை ஆராதனை முடிந்து வந்ததும் இவரிடம் சொன்னேன். சால்வையை விரித்துக் காட்டினேன். பதினேழாம் பக்கத்தையும் காட்டினேன். இவர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருப்பவர். எந்தப் பொருளானாலும் எங்கிருந்து வந்தது, எங்கே போகவேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாக்கியம்."

"பசங்ககிட்ட சொல்லாதன்னாரு மாமா."

"நானும் இன்னும் பசங்கள்ல ஒருத்தன்தானா?" என்றார். கோபமில்லை. சிலுவையை எடுத்துப் பார்த்தார். உதிர்ந்த இடத்தைத் தடவினார். "அவன்தான் எடுத்திருப்பான்னு இந்த மூணு வாரமா தம்பிகிட்ட முகம் குடுத்துப் பேசல நான்" என்றார்.

இன்று ஒருபொழுது. மாலையில் கஞ்சி மட்டும்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கமிட்டிக்குப் போனேன். பெண் யாரும் அந்த அறைக்குள் நுழைவது வழக்கமில்லை, நாற்காலியும் இல்லை. இவர் தன்னுடையதை எனக்குப் போட்டுவிட்டு நின்றார். மேஜைமேல் சிலுவையையும் புத்தகத்தையும் வைத்து, நான் எடுத்தேன், மாசிலாமணி எடுக்கவில்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

தம்பியின் முகம் சிவந்துவிட்டது. "செத்ததும் திருப்பி வாங்கிக்கிற மரியாதை எந்த ஊருல இருக்கு அண்ணி? ராஜா குடுத்தது குடுத்ததுதான்."

"அவங்க ஊருல இருக்கு தம்பி."

"இந்தப் பாஷை இங்க யாருக்குத் தெரியும்? நீங்களா படிச்சேன்னு சொல்றீங்க. தப்பாப் படிச்சிருந்தா?"

"மாமா கோடு போட்டிருக்காரு, பாருங்க. இன்னொண்ணும் சொல்லணும். மாமா நைட் இல்ல. அங்கத்தினர். கல்லுல மாத்தணும்."

"அங்கத்தினரா! நம்ம கூட்டுறவு சொசைட்டியிலகூடத்தான் ஐந்நூறு அங்கத்தினர் இருக்கான்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தபின் தம்பியின் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அப்பாதானே. அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஏற்கெனவே செய்து கொண்டுவந்து அறை மூலையில் வைத்திருந்தார். உள்ளே நீல வெல்வெட்டு. அதைப் பார்த்தபோது அவர்மேல் எனக்கிருந்த வருத்தம் பாதி போய்விட்டது.

சத்தியவாசகம் ஐயர் ஒரு முடிவு சொன்னார். சிலுவையை அனுப்பலாம். ஆனால் மினிட்டில் எழுதியதைச் சும்மா அடிக்கமுடியாது. பொருள் வந்து சேர்ந்தது, அப்படி ஒரு சட்டம் உண்டு என்று ஸ்டாக்ஹோமிலிருந்து கடிதம் வரட்டும். அதைப் புத்தகத்தில் ஒட்டி, 'திருட்டு' என்பதை அடித்து, சாவியை மாசிலாமணி கையில் கொடுப்போம்.

"இந்த அம்மா சொன்னது போதாதா?" என்று இவர் கேட்டார். தம்பி மினிட் புத்தகத்தை மூடினார்.

வெளியே வேப்பமரத்தடியில் மாசிலாமணி நின்றிருந்தார். சொன்னேன். "காயிதந்தானே, வரும்மா" என்றார்.

பிப்ரவரி 13, திங்கள்

இவர் ஆபீசிலிருந்து அரக்கும் கித்தான் துணியும் கொண்டுவந்து பார்சல் கட்டினார். சிலுவையைப் பஞ்சில் வைத்தேன். கறுப்பு நாடாவைத் தேய்த்து மடித்தேன். மூடும் முன் நான் கொஞ்சம் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "ஒரு வாட்டி போட்டுப் பாக்குறியா?" என்று கேட்டார். தலையைத் தூக்காமல் கித்தானை அளந்துகொண்டே கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

சிலுவையை மட்டும் வெறும் பாத்திரம் போலத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மாசிலாமணியிடம் ஒரு குருத்தோலைச் சிலுவை கேட்டேன். வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிறுக்குச் சபை முழுவதுக்கும் முடைகிறவர் அவர்தான். உடனே தென்னையிலிருந்து குருத்து வெட்டி, நகத்தால் கீறி, நின்றபடியே முடைந்து கொடுத்தார். அதையும் வைத்தேன். அதற்கப்புறம்தான் அரக்கு வைத்தார் இவர். ஐந்து முத்திரை.

பிப்ரவரி 14, செவ்வாய்

பார்சல் போய்விட்டது. உடன் வைத்த கடிதத்தை இவர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் நான் சொன்னது இது. பிரதி இருக்கட்டும்.

ஸ்டாக்ஹோமில் ராஜாவின் வரிசைகளைக் கவனிக்கும் காரியாலயத்தாருக்கு, மாயவரத்திலிருந்து தே. செல்லபாக்கியம் எழுதுவது.

உங்கள் வடமீன் வரிசையில் அங்கத்தினராக இருந்த என் மாமனார் ஞானாபரணம் ஐயர் ஜனவரி 16ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மறுநாள் அடக்கம் செய்தோம். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை எங்கள் கோயில் மணி அடித்தது. அது உங்கள் மேல் வரிசைக்கு உரியது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் சட்டப்படி சிலுவையைத் திருப்பி அனுப்புகிறேன். கறுப்பு நாடாவும் இருக்கிறது. கீழ்க் கையில் கடுகளவு பூச்சு போயிருக்கிறது. அது 1969இல் என் கையிலிருந்து தரையில் விழுந்தபோது போனது. மாமனார் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டு நாள் இது என்னிடம் தேவையில்லாமல் தங்கிவிட்டது. அந்த நாட்களில் மூன்று தரம் நான் இதை அணிந்தேன். என் நாட்குறிப்பில் ஒரு தரம் என்று எழுதியிருக்கிறேன். மூன்றுதான் சரி.

கூட இருக்கும் ஓலைச் சிலுவை உங்களுக்கு. அதைத் திருப்பி அனுப்பவேண்டாம். முடைந்தவர் பெயர் மாசிலாமணி. நான் தாமதித்ததால் இவர்மேல் திருட்டுப் பழி விழுந்து, கோயில் சாவி போய்விட்டது. பொருள் வந்து சேர்ந்தது என்றும், மரித்தபின் திருப்பி அனுப்புவது உங்கள் சட்டம்தான் என்றும் நீங்கள் ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை வைத்தால் சாவி திரும்பக் கிடைக்கும். இரண்டே வரி போதும்.

அடுத்த மாதம் 19ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு. அன்றைக்கு இவர் கோயிலைத் திறக்கவேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.